356 மைல் ஓடிய மஞ்சள் கார்

ஊரிலிருந்து மாமா, அத்தை, சித்தப்பா என்று யார் வந்தாலும் நாம் அழைத்துச் செல்லும் இடங்களின் வரிசை மாறுவதே இல்லை. சார்மினார், லாட் பஜாரில் வளையல், மக்கா மசூதி, பிறகு பக்கத்திலேயே இருக்கும் சௌமஹல்லா அரண்மனை. பெரியவர்கள் தர்பார் மண்டபத்துச் சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகளோ பழைய கார்கள் நிறுத்தியிருக்கும் பக்கம் ஓடிவிடுவார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், குதிரை பூட்ட மறந்துவிட்ட சாரட்டு வண்டி மாதிரி ஒரு மஞ்சள் கார் நிற்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் செய்த 'சில்வர் கோஸ்ட்' வகைக் கார் அது. கார்ப் பிரியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சிம்மாசனக் கார்'.

"இது யார் கார்?" என்று பிள்ளைகள் கேட்டால் "நிஜாம் கார்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். எந்த நிஜாம்? ஆர்டர் கொடுத்தவர் ஒருவர், பெற்றுக்கொண்டவர் இன்னொருவர், சொத்தாக அடைந்தவர் மூன்றாமவர். அதுவும் தவிர, நிஜாம் என்பது ஒரு மனிதரா, ஒரு அரசாங்கமா? இந்தக் கேள்வி லண்டன் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காருக்கு ஆர்டர் கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மீர் மஹபூப் அலி கான். பழைய நகரத்தில் இன்றும் 'மஹபூப் பாஷா' என்று பாசத்தோடு சொல்வார்கள். பாம்புக் கடித்தவர்கள் அவர் பெயரைச் சொன்னால் விஷம் இறங்கிவிடும் என்று ஜனங்கள் நம்பிய மனிதர். செலவாளியும் கூட. புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் அருங்காட்சியகத்தில் அவருடைய உடை அலமாரியைப் பார்க்கலாம். 176 அடி நீளம், இரண்டு அடுக்கு. ஒருமுறை போட்ட உடையை மறுபடி போடமாட்டார் என்பது ஊர்ப் பேச்சு. 1891-இல் ஜேக்கப் என்ற வியாபாரியிடம் ஒரு வைரத்தை விலை பேசி, 23 லட்சம் ரூபாயை முன்பணமாகக் கட்டி, பிறகு பேரம் முறிந்து கல்கத்தா வரை வழக்குக்குப் போனவரும் அவரே. வைரம் கடைசியில் அவரிடமே வந்து சேர்ந்தது. அந்தக் கசப்பில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பார்கள்.

அப்படிப்பட்டவர் மோட்டார் கார் வாங்கினால் சாதாரணமாகவா வாங்குவார்? அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் முழுக் காரையும் செய்து விற்கவில்லை. எஞ்சின், சக்கரங்கள், அடிச்சட்டம் இவை மட்டும்தான் அவர்களுடையவை. இந்த அடிச்சட்டத்தைத்தான் 'சேஸிஸ்' என்கிறோம். அதன்மேல் உடலைக் கட்டுவது வேறு பட்டறை. நம்மூர் லாரிக்காரர்கள் சேஸிஸ் வாங்கி நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டுகிறார்களே, அதே முறைதான். மஹபூப் பாஷாவின் காருக்குப் பாடி கட்டியவர்கள் லண்டன் 'பார்க்கர்' கம்பெனியார். 1710-லிருந்து சாரட்டு செய்து வந்த பரம்பரை. அதனால்தான் காரில் சாரட்டுச் சாயல் அவ்வளவு தெரிகிறது. பின் இருக்கை மற்ற இருக்கைகளைவிட உயரம். ஊர்வலத்தில் மன்னர் சிம்மாசனத்தில் இருப்பதுபோல் ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? கூரை குவிமாடம் போல் எழும்பி நிற்கும். வெளியே மஞ்சள். ஆசஃப் ஜாஹி வம்சத்தின் கொடி நிறமே மஞ்சள்தான். நடுவில் வட்டமாக ஒரு ரொட்டி, 'குல்ச்சா', பொறித்த கொடி அது.

ஊர்வலத்துக்கு இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததிலும் பொருத்தம் உண்டு. ஆறு சிலிண்டர், ஏழு லிட்டருக்கு மேல் கொள்ளளவு. டாப் கியரிலேயே மனிதர் நடக்கும் வேகத்திலும் உதறாமல் போகும். சத்தமும் மிகக் குறைவு. 'வெள்ளிப் பேய்' என்ற அர்த்தம் வரும் பெயர் முதலில் 1907-இல் ஒரே ஒரு காருக்கு இட்ட செல்லப் பெயர். பிறகு அந்த வகை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. யானை அம்பாரிக்குப் பதிலாக ஒரு யந்திரம் வேண்டும் என்றால் அன்றைக்கு இதைவிட ஏற்றது கிடைத்திருக்காது.

ஆனால் மஹபூப் பாஷா அதில் ஏறவே இல்லை. 1911 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, நாற்பத்தைந்து வயதில் காலமானார். கார் ஹைதராபாத்துக்கு வந்தபோது கத்தியில் இருந்தவர் மகன் மீர் உஸ்மான் அலி கான், ஏழாவது நிஜாம்.

மகன் அப்பாவுக்கு நேர் எதிர். 1937 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை உலகின் பெரும் பணக்காரர் என்று அட்டையில் படம் போட்டபோதும், பழைய தொப்பியும் கசங்கிய ஷெர்வானியுமாக வாழ்ந்தவர். அப்பாவின் வைரத்தை ஒரு பழைய செருப்பின் நுனியிலிருந்து கண்டெடுத்து, மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார் என்ற கதையைக் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். 184 காரட்டுக்கு மேல் உள்ள கல்! அப்படிப்பட்டவரிடம் தங்கச் சரிகை மெத்தை வைத்த கார் வந்தால் என்ன ஆகும்? கொட்டகையில் நின்றது. பல பத்து ஆண்டுகளில் அது ஓடிய தூரம் மொத்தம் 356 மைல் என்று கார் உலகத்தில் ஒரு கணக்கு வழங்கி வருகிறது. ஏறக்குறைய 570 கிலோமீட்டர். ஹைதராபாத்தில் புறப்பட்டு ஒரே ஒரு தடவை சென்னை போய்ச் சேரக்கூடப் போதாது!

என் கருத்தில், அந்தக் கஞ்சத்தனம்தான் காரைக் காப்பாற்றியது. ஓட்டித் தேய்த்திருந்தால், பழைய காராகி, யாருக்கோ பரிசாகி, எங்கோ கைமாறி, இன்று தேடிக்கொண்டிருப்போம்.

தேடுவது என்றேனே, அது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். பழைய ராஜா காருக்கு இன்று பெரிய விலை உண்டு. "மகாராஜா ஏறிய கார்" என்ற ஒரு வார்த்தை விலையைப் பல மடங்கு ஏற்றிவிடும். அதனால் பொய்யும் ஏராளம். ராஜா ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியிடம் கோபித்துக்கொண்டு கார்களைக் குப்பை வண்டியாக்கினார் என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்வார் ராஜா என்பார் ஒருவர், பரத்பூர் என்பார் இன்னொருவர், பாட்டியாலா என்பார் மூன்றாமவர், நம் நிஜாம் தலையிலும் அதைக் கட்டிவிடுவார்கள். ஒரே கதைக்கு நாலு கதாநாயகர்கள் இருந்தால் கதையை நம்பாமல் இருப்பதே நல்லது.

கதை பேசும், காகிதம் மட்டுமே சாட்சி சொல்லும். முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ் எண். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்பில் ஒரு தகட்டில் இருக்கும். எஞ்சினுக்குத் தனி எண், பாடி கட்டியவர் போட்ட எண் வேறு. இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஒவ்வொரு சேஸிஸுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தது. யார் ஆர்டர் கொடுத்தது, எந்தப் பட்டறைக்குப் பாடி கட்ட அனுப்பியது, யாரிடம் ஒப்படைத்தது, வெளிநாடு போனால் எந்தக் கப்பல் என்பதெல்லாம் அதில் வரும். டெர்பியிலிருந்து மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சில்வர் கோஸ்ட் சேஸிஸுகள் வெளியே போயின. அந்த அட்டைகள் அழியாமல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் கட்டடத்தில் இருக்கின்றன. எழுதிக் கேட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தருவார்கள். பாடி கட்டியவர்களின் பக்கம் இவ்வளவு சௌகரியம் இல்லை. பார்க்கர் கம்பெனியே 1938-இல் நொடித்து, ஹூப்பர் என்ற இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துவிட்டது.

இங்கிலாந்தில் முதல் சொந்தக்காரர் பெயர் கிடைத்துவிடுகிறது. சிக்கல் கப்பல் பம்பாய் வந்து சேர்ந்த பிறகுதான். நம்முடைய காருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எண், ஆர்.சி. புத்தகம், பெயர் மாற்றம் என்று ஒரு சங்கிலி உண்டு. பல சமஸ்தானங்களில் மன்னர் ஏறும் காருக்கு எண்ணே கிடையாது. அரச சின்னம் மட்டும் இருக்கும். போலீஸ்காரர் மன்னரை நிறுத்தி ஆர்.சி. கேட்பாரா? அதனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லாமல் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நிஜாம் பணம் கொடுத்து வாங்கியது என்றால் எந்தப் பணம்? ஹைதராபாத் ராஜ்யத்தில் நிலம் பல வகை. அரசாங்க நிர்வாகத்தில் உள்ளது 'திவானி'. நிஜாமின் சொந்தச் செலவுக்கு வருமானம் தருவது 'சர்ஃப்-ஏ-காஸ்'. ஜாகிர்தார்கள், பைகா பிரபுக்கள் வசம் இருந்தவை வேறு. மன்னர் கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருள் எந்தக் கஜானாவைச் சேர்ந்தது என்று மன்னராட்சி நடக்கும் வரை யாரும் கேட்கவில்லை. 1948 செப்டம்பர் 17-ஆம் தேதி ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அதுவே முதல் கேள்வியாயிற்று. 1949-இல் சர்ஃப்-ஏ-காஸ் நிலங்கள் அரசாங்கத்தோடு இணைக்கப்பட்டன. 1950-இல் நிஜாமுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் மன்னர் மானியம் என்று ஒப்பந்தம் ஆனது. இந்தியா முழுவதும் மன்னர்கள் தங்கள் சொந்தச் சொத்து இன்னது என்று பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. அரண்மனை, நகை, துப்பாக்கி, கார் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ராஜ்யம், அந்தப் பக்கம் ராஜா என்று பிரித்தார்கள்.

கோடு சரியாக விழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிஜாமின் பணமே உதாரணம். 1948 செப்டம்பரில், கடைசி நேரத்தில், நிஜாம் அரசாங்கத்தின் நிதி மந்திரி பத்து லட்சம் பவுனுக்குச் சற்று மேற்பட்ட தொகையை லண்டனில் பாகிஸ்தான் ஹை கமிஷனர் பெயரில் இருந்த பாங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டார். அது அரசாங்கப் பணமா, நிஜாமின் பணமா, பாகிஸ்தானுக்குக் கொடுத்ததா என்ற வழக்கு 2019 அக்டோபரில்தான் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ந்தது. இந்தியாவுக்கும் நிஜாமின் பேரர்களுக்கும் சாதகமான தீர்ப்பு. எழுபத்தொரு ஆண்டில் தொகை வட்டியோடு ஏறத்தாழ 3.5 கோடி பவுன் ஆகியிருந்தது.

நகைகளின் கதை வேறு. அவற்றுக்குப் பட்டியல் போட்டு 1950-களின் தொடக்கத்தில் நிஜாம் அறக்கட்டளைகள் ஏற்படுத்திவிட்டார். அதனால் பல வழக்குகளுக்குப் பிறகும் ஜேக்கப் வைரம் உட்பட 173 நகைகளை 1995-இல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்க முடிந்தது. அப்பா வாங்கி அனுபவிக்காமல் மகனிடம் விட்ட இரண்டு பொருள்களில் ஒன்று இப்படி அரசாங்கத்துக்குப் போயிற்று. மற்றொன்று, கார், குடும்பத்திலேயே நின்றது.

உஸ்மான் அலி கான் 1967 பிப்ரவரி 24-ஆம் தேதி காலமானார். வாரிசு, மகன் அல்ல. பேரன் முகரம் ஜா. பிரான்ஸில் நீஸ் நகரில் பிறந்தவர், தாயார் துருக்கி நாட்டுக் கடைசி கலீபாவின் மகள். அவர் கைக்கு வந்த சொத்தின் நிலையை எழுத்தாளர் வில்லியம் டால்ரிம்பிள் எழுதியிருக்கிறார். பணியாட்கள் மட்டும் 14,718 பேர். கார் கொட்டகையில் 60 கார்கள். பெட்ரோலுக்கும் உதிரிப் பாகத்துக்கும் ஆண்டுக்கு 45,000 பவுன் கணக்கு எழுதப்பட்டது. ஓடும் நிலையில் இருந்தவை நாலே நாலு! முடிசூட்டு விழாவிலிருந்து புதிய நிஜாமை அழைத்துவர வேண்டிய கார் வழியிலேயே நின்றுவிட்டதாம். ஓடாத கார்களுக்குப் பெட்ரோல் போட்ட புண்ணியவான்கள் யாரோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

இத்தனைக்கும் முகரம் ஜாவுக்கு யந்திரம் என்றால் உயிர். காருக்கு அடியில் படுத்து ரிப்பேர் செய்வதில் ஆனந்தம் காண்பவர். ஆனால் வரி, வழக்கு, உறவினர் சச்சரவு இவற்றுக்கு நடுவில், 1971 இறுதியில் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. அவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணையை வாங்கிக்கொண்டு அங்கே புல்டோசர் ஓட்டப் போய்விட்டார். இங்கே அரண்மனைகள் பூட்டிக் கிடந்தன, பல சாமான்கள் கைமாறின.

நாடெங்கும் அந்தக் காலத்தில் இதே நிலைதான். மானியம் போன பிறகும் அதற்கு முன்பும் ராஜாக்களின் கார்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. மோப்பம் பிடித்து வந்த வெளிநாட்டார் அவற்றைக் கப்பலேற்றினார்கள். ராஜ்கோட் மன்னருக்காக 1934-இல் செய்யப்பட்ட 'இந்திய நட்சத்திரம்' என்ற ரோல்ஸ் ராய்ஸ் அப்படி 1968-இல் நாட்டை விட்டுப் போயிற்று. பல கை மாறி, ஏலத்துக்கு வந்து, கடைசியில் அந்தக் குடும்பத்துப் பேரனே பெரும் விலை கொடுத்து மீட்டார். தாத்தா சொத்தைப் பேரன் காசு கொடுத்து வாங்குவது! பழைய கார்கள் இப்படி வெளியேறுவதைத் தடுக்கப் பிறகு கட்டுப்பாடு வந்தது. 1950 ஜனவரி முதல் தேதிக்கு முன் செய்த கார்களையும் அவற்றின் பாகங்களையும் தடையின்றி ஏற்றுமதி செய்ய முடியாது.

நம் மஞ்சள் கார் அந்தப் பயணத்திலிருந்து தப்பியது. புதுவாழ்வு கிடைத்ததற்குக் காரணம் முகரம் ஜாவின் முதல் மனைவி எஸ்ரா. விவாகரத்துப் பெற்று வெகு காலம் வெளிநாட்டில் இருந்தவர், திரும்பி வந்து, வழக்கறிஞர்களை வைத்து ஆயிரக்கணக்கான பங்காளிகளோடு சமரசம் பேசினார். இடிந்து கிடந்த சௌமஹல்லாவைப் புதுப்பித்து, 2005-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2010-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழுது பார்க்கப்பட்ட காரும் அங்கே நிறுத்தப்பட்டது. மனைவியாக இருந்தபோது கிடைக்காத செல்வாக்கு, விவாகரத்துக்குப் பிறகு கிடைத்தது விசித்திரம்தான். ஆனால் அந்தச் சொத்துக்கு அவரைப்போல் ஒருவர் முப்பது வருஷம் முன்பே கிடைத்திருந்தால், 60 கார்களில் இன்னும் பல மிஞ்சியிருக்கும்.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செகந்தராபாத்தில் ரயில்வேயிலோ கண்டோன்மெண்டிலோ வேலை பார்த்த தாத்தா வாங்கிய லாம்ப்ரட்டாவோ பியட்டோ இன்னும் சில வீட்டுக் கொல்லையில் சாக்கு மூடி நிற்கிறது. ஆர்.சி. யார் பெயரில் என்று கேட்டால், காலமாகி இருபது வருஷமான தாத்தா பெயரில்! சொந்தக்காரர் இறந்தால் வாரிசு முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2021-இல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையே கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டுக்கு மேலாகி, பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்கும் இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் தருவார்கள். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கலாம். தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது. விண்ணப்பத்தோடு பழைய ஆர்.சி.யும் கேட்பார்கள். ஆகவே பழைய பேப்பர்காரர் வரும் நாளில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். சிம்சன், அடிசன் என்று மவுண்ட் ரோடு கம்பெனி ரசீது ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கும்.

முகரம் ஜா 2023 ஜனவரி 14-ஆம் தேதி இஸ்தான்புல்லில் காலமானார். விருப்பப்படியே உடல் ஹைதராபாத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மக்கா மசூதி வளாகத்தில் முன்னோர்களுக்குப் பக்கத்தில் அடக்கமாயிற்று. அதற்கு முன் பொதுமக்கள் அஞ்சலி செலுத்த உடல் வைக்கப்பட்டிருந்தது சௌமஹல்லாவில்தான். வாரிசுப் பட்டம் மகன் அஸ்மத் ஜாவுக்கு வந்தது. மஹபூப் பாஷா ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் குடும்பத்தில் இது ஐந்தாவது தலைமுறை.

அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அடுத்த தடவை போகும்போது பின் இருக்கையின் உயரத்தையும், குவிமாடக் கூரையையும், மஞ்சள் பூச்சையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "யார் கார்?" என்று கேட்டால், ஆர்டர் கொடுத்த மஹபூப் பாஷா பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்.